மணியாச்சியில் வண்டி மாறுகிறவர்

மணியாச்சியில் ஒரு ஆள் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனானாம். முதல் வண்டியில் கடம்பூரிலிருந்து பூக்கூடையோடு வந்த ஒருவர் டீக்கடையில் சொன்னாராம். அவர் சொன்னதை டீக்கடைக்காரர் வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னாராம். பிள்ளைக்குப் பன்னு வாங்கப் போன காளீஸ்வரி அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்தாள். தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்குள் ஏறி, உட்கார இடம் பிடித்து, முகத்து மழைத்தண்ணீரை முந்தானையால் துடைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“சீசன் டிக்கெட்டு ஆளாம். தூத்துக்குடி வண்டியிலருந்து அந்தப் பக்கமா குதிச்சிருக்கான். கோயில்பட்டி வண்டி கெளம்பிருமேன்னு தண்டவாளத்தக் கடந்து ஓடியிருக்கான். குறுக்க தனி எஞ்சின் ஒண்ணு வந்தத பாக்கல. தூக்குவாளி மட்டும் நசுங்காமக் கெடந்துச்சாம்.”

சொல்லி முடித்துத் திரும்பியபோதுதான் பின் சீட்டில் ஜன்னலோரமாக இசக்கிச்செல்வி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் காளீஸ்வரியின் தொடையில் கிள்ளினாள். கிள்ளும் முன்பே காளீஸ்வரியின் முகம் செத்துவிட்டது. இசக்கிச்செல்வியின் புருஷன் மந்திரமூர்த்தி தூத்துக்குடித் துறைமுகத்தில் ராத்திரி ஷிப்டில் உரமூடை ஏற்றுகிறவர். தினமும் காலையில் மணியாச்சியில் வண்டி மாறி வீடு வந்து சேருகிறவர். வேனில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

பிறகு முன்சீட்டிலிருந்து ஒருத்தி, அடிபட்டது முதல் வண்டி நேரத்தில்தானே, அண்ணாச்சி ரெண்டாவது வண்டியில் அல்லவா வருவார் என்று எடுத்துக்கொடுத்தாள். உடனே வேனுக்கு மூச்சு வந்தது. ஆமாம், ஆமாம், ரெண்டாவது வண்டிதான், அவர் ஷிப்டு முடிந்து அங்கனயே ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தானே வருவார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

இசக்கிச்செல்வி தலையை ஆட்டிக்கொண்டாள். இன்றைக்கு முதல் வண்டியிலேயே வந்துவிட வேண்டும் என்று நேற்று அவரிடம் சொல்லி அனுப்பியதே அவள்தான். அதை அவள் வேனில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் போலிருந்தது.

வேன் பைபாஸில் ஏறியது. மழை விட்டிருந்தாலும் வானம் வெளுக்கவில்லை. வேனில் இருந்த பெண்கள் இப்போது தங்களுக்குத் தெரிந்த ஒரே உதவியைச் செய்யத் தொடங்கினார்கள். செத்த ஆளை மாற்றினார்கள். சீசன் டிக்கெட்டு என்று யார் கண்டது, டிக்கெட்டே இல்லாமல் வந்தவனாகக்கூட இருக்கும் என்றாள் ஒருத்தி. டிக்கெட் இல்லாதவன்தான் அந்தப் பக்கமாகக் குதிப்பான் என்றாள் இன்னொருத்தி. அடுத்த நிறுத்தத்தில் ஏறியவளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் குடித்திருந்தான். ரெண்டு நிறுத்தம் தள்ளி அவனுக்கு வயது அறுபதாகிவிட்டது. ஓடியவன் இப்போது தள்ளாடிக்கொண்டு போனான். பாலத்தைத் தாண்டும்போது அவன் தமிழே தெரியாத வடநாட்டுக்காரனாகி, கையில் தூக்குவாளிக்குப் பதிலாகக் கம்பளி மூட்டை ஒன்றை வைத்திருந்தான்.

“பாவம், எந்த ஊர்ல எவ காத்துக்கெடக்காளோ,” என்றாள் காளீஸ்வரி. அது தன்னைத் தேற்றுவதற்குச் சொன்னது என்பது இசக்கிச்செல்விக்குத் தெரிந்தது. அந்த எவளோ தானாக இருந்துவிடக் கூடாதே என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். ஆபீஸுக்குப் போகிறேன் என்று பெண்கள் சொல்வதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் மேசை நாற்காலியை நினைத்துக்கொள்வார்கள். இசக்கிச்செல்வி அந்த ஆபீஸில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற வேலை பார்த்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவர்கள் எப்போதும்வென்றான் என்ற ஊரில் இருந்தார்கள். அவளுடைய அப்பா நாகலாபுரம் பக்கம் ஆடு வைத்திருந்தவர். மழை பொய்த்த வருஷங்களில் மந்திரமூர்த்தியின் மானாவாரி நிலம் விதைத்ததைக்கூடத் திருப்பித் தரவில்லை. அப்பாவின் ஆடுகளுக்கும் மேய்ச்சல் இல்லை. அவர் மந்தையை விற்றார். மகளுக்குச் சேர வேண்டிய பங்கில் கோவில்பட்டிக்கு வெளியே ஒரு மனை வாங்கினார்கள்.

மனைப்பிரிவுக்குக் கோமதி கார்டன் என்று பேர் வைத்திருந்தார்கள். சீமைக்கருவேலத்தைத் தவிர அங்கே ஒரு செடி கிடையாது. பருத்தி விளைந்த கரிசல் காடு அது. நடுவில் கல் ஊன்றி, கல்லுக்கு மஞ்சளும் சிவப்பும் அடித்து, பஸ் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம் என்று போர்டு வைத்தார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவனுக்கு, அதுவும் கோடைகாலத்தில், அது உண்மைதான். மழைக்காலத்தில் அந்த மண் வேறு ஆளாகிவிடும். காலை வைத்தால் விடாது. செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சைக்கிள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு, ஓட்டுகிறவனையே சைக்கிளைத் தூக்க வைக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் வேன் டிரைவர் உக்கிரபாண்டி உள்ளே வரமாட்டார். தார்ரோட்டிலேயே நிறுத்தி ஹாரன் அடிப்பார். பெண்கள் செருப்பு ஒரு கையிலும் தூக்குவாளி ஒரு கையிலுமாக வரப்பு வழியாக வந்து, ரோட்டோரக் குட்டையில் கால் கழுவி ஏறுவார்கள். கழுவாமல் ஏறினால் அவர், “நெலத்தப் பூராவும் வேன்ல கொண்டாந்து ஏத்துதீங்களே, பட்டா என் பேருக்கு மாத்தித் தருவீங்களா?” என்பார். தினமும் அதே கேலிதான். தினமும் யாராவது ஒருத்தி சிரித்துவைப்பாள்.

ஊரே இல்லாத இடத்தில் வீடு கட்டினால் வேலை வேறு எங்கோதான் இருக்கும். கோமதி கார்டனில் இருந்த வீடுகள் எல்லாமே காலையில் பூட்டிக்கொண்டு கிளம்புகிற வீடுகள். சிலர் நூல் மில் பஸ்ஸுக்குப் போனார்கள், சிலர் தீப்பெட்டி வேனுக்கு. திருநெல்வேலிப் பஸ்ஸைப் பிடிக்கப் பைபாஸுக்கு ஓடியவர்களும் உண்டு. அந்தப் பஸ் பைபாஸிலேயே போய்விடும், ஊருக்குள் வராது. ஏறும்போதே கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். மத்தியானம் அந்தப் பக்கம் வந்தால் பலசரக்குக் கடை வைத்திருக்கிற வெயிலுகந்தம்மாளையும், நிழல் தேடி அலைகிற நாயையும் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

இசக்கிச்செல்வியின் வீட்டில் இது இன்னும் ஒரு சுற்று கூடுதல். அவள் போன பிறகு அவர் வருவார். அவள் வருவதற்குள் அவர் போய்விடுவார். பெண் செண்பகவல்லி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா குளித்த ஈரம் பாத்ரூமில் காயாமல் இருக்கும், அவ்வளவுதான். சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கும். அவர் சாப்பிட்டாரா என்பதை இசக்கிச்செல்வி குழம்புச் சட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். உடம்பு சரியில்லை என்றால் சட்டியில் குழம்பு அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வீட்டில் இருந்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

ஒரே ஒரு தடவை அவளும் அந்த வண்டியில் வந்திருக்கிறாள். தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். மணியாச்சியில் வண்டி நின்றதுமே அவர் பிளாட்பாரம் இல்லாத பக்கமாக இறங்கி, ஜல்லியில் நின்றுகொண்டு, அவளையும் இறங்கச் சொல்லிக் கையை நீட்டினார். சுற்றிலும் சீசன் டிக்கெட்காரர்கள் பொலபொலவென்று குதித்துக்கொண்டிருந்தார்கள். மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் கோவில்பட்டி வண்டி போய்விடும், போகாவிட்டாலும் உட்கார இடம் கிடைக்காது என்பது அவர்கள் கணக்கு. அவள் மாட்டேன் என்று பாலத்தில் ஏறினாள். பாதிப் பாலத்தில் இருக்கும்போதே வண்டி ஊதிவிட்டது. அந்தப் பக்கம் போய் வண்டியில் ஏறியிருந்த மனுசன், நகருகிற வண்டியிலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றார். திட்டவில்லை. அடுத்த வண்டி வரும்வரை ரெண்டு பேரும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றார்கள். வீட்டில்கூட அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. “பாலத்துல ஏறி வர நேரமிருக்கவன் ஏன் வேலைக்குப் போறான்?” என்று மட்டும் கேட்டார். பாலத்தில் ஏறியே வாருங்கள் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

முதல் வண்டிக்குக் காரணம் குழாய். கோமதி கார்டனுக்குத் தண்ணீர் இணைப்பு கொடுக்கப் போகிறார்கள் என்று மனு எழுதிக்கொடுத்து வருஷம் ஒன்றாகிவிட்டது. யூனியன் ஆபீஸிலிருந்து குழாய்க்காரர் ரெண்டு தடவை வந்து, வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். மூன்றாவது தடவையும் பூட்டிக் கிடந்தால் மனுவைத் தள்ளிவிடுவேன் என்று வெயிலுகந்தம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனாராம். இன்றைக்குக் காலையில் வருகிறார். இசக்கிச்செல்விக்கு லீவு கிடையாது. போன வாரம்தான் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று எடுத்திருந்தாள். அதனால்தான் நேற்று சாயங்காலம், அவர் வேலைக்குப் போகிற வழியில் ஆபீஸ் வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டபோது அதைச் சொன்னாள்.

“தூங்கி வழிஞ்சிக்கிட்டு ரெண்டாவது வண்டிக்கு வராதீங்க. அந்த ஆளு வந்துட்டுப் போயிட்டாம்னா அப்புறம் சாகுறவரைக்கும் தண்ணி தூக்க வேண்டியதுதான்.”

அவர் சிரித்தார். சரி என்றார். கெளம்புதப்ப அக்கா கடைக்குப் போன் போட்டுச் சொல்லிருதேன், அந்த ஆளப் புடிச்சு உக்கார வைக்கச் சொல்லு என்றார்.

வேன் ஆபீஸ் வாசலுக்குள் திரும்பியபோது அவள் மனம் அந்தப் பேச்சையே சுற்றிக்கொண்டிருந்தது. சாகுறவரைக்கும் என்று ஏன் சொன்னேன்? இறங்கி ஓடிப்போய் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. பைபாஸ் வரை நடந்து, அங்கிருந்து சேற்றில் நடந்து, போய்ச் சேர்ந்தால் அவர் குறட்டை விட்டுக்கொண்டு கிடப்பார். போய்ப் பார்ப்பதென்றால் காளீஸ்வரி சொன்னதை நம்பிவிட்டதாக ஆகும். நம்பக் கூடாது என்று பிடிவாதமாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்து சட்டத்தை இழுத்தாள்.

குச்சி சரியாக விழவில்லை. விரல்கள் பழக்கத்தில் போய் எடுத்துவந்தன, பள்ளத்தில் வைக்கும் இடத்தில் தடுமாறின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காளீஸ்வரி, எதையாவது சொல்லிச் சரிசெய்துவிட வேண்டும் என்ற தவிப்பில், குரலைத் தாழ்த்தி, போன் போட்டுக் கேட்டுவிடேன் மதினி என்றாள். நம்ம கணக்கப்பிள்ளை நல்ல ஆள்தானே என்றாள்.

கணக்கப்பிள்ளை நவநீதகிருஷ்ணன் நல்ல ஆள்தான். முதலாளிதான் போனுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்தார். டீ நேரத்தில் அவள் போய் நின்றபோது கணக்கப்பிள்ளை காரணம் கேட்டார். அவள் குழாய்க்காரரைப் பற்றிச் சொன்னாள். மணியாச்சியைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் மேசை டிராயரில் துழாவிச் சாவியை எடுத்து, பூட்டைக் கழற்றி, அவளே பேசட்டும் என்று வெளியே போய் நின்றார்.

வெயிலுகந்தம்மாளின் கடையில் ஒரு ரூபாய் போடுகிற சிவப்பு போன் ஒன்று இருந்தது. கோமதி கார்டன் முழுவதற்கும் அதுதான் போன். மணி அடித்த உடனே எடுத்துவிட்டாள்.

அவிய வந்துட்டாவளாக்கா என்று கேட்டாள் இசக்கிச்செல்வி.

“அதயேங் கேக்க, இங்கன ஒரே சேறாக் கெடக்கு. நான் கடைய விட்டு எறங்கவே இல்ல, உன் வீட்டுப் பக்கம் எங்க போக? ஆனா அண்ணாச்சி காலையிலயே போன் போட்டாவ. மணியாச்சி கெளம்பிட்டேன், கொழாய்க்காரன இருக்கச் சொல்லுங்கன்னாவ. உங்கிட்ட சொல்லலாம்னு பாத்தா நீ வரப்பு வழியாப் போயிட்ட.”

இசக்கிச்செல்வி பக்கத்தில் இருந்த அரிசி மூட்டை மாதிரியான காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மணியாச்சியிலிருந்து கிளம்பிவிட்டார். அடிபட்டவன் மணியாச்சியைத் தாண்டவில்லை. இவர் தாண்டிவிட்டார். போனில் பேசியிருக்கிறார். செத்தவன் போன் போடுவானா?

“யக்கா, நீங்க நல்லா இருப்பிய,” என்றாள்.

“என்னட்டி, ஒரு போனுக்குப் போயி இம்புட்டு ஆசீர்வாதம்?” என்று வெயிலுகந்தம்மாள் சிரித்தாள். குழாய்க்காரர் வந்தால் டீ கொடுத்து உட்கார வைக்கிறேன், இந்தா வந்துருவாவ என்று சொல்லி வைக்கிறேன் என்றாள்.

தன் இடத்துக்குத் திரும்பி வந்து அவள் தலையை மட்டும் அசைத்தாள். காளீஸ்வரிக்கு அது போதும். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூக்காரனையும் டீக்கடைக்காரனையும் சேர்த்து வைதாள். அன்றைக்கு முற்பகலில் அந்தக் கூடத்தில் இருந்த பெண்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார்கள். குழாய் வந்தால் கோமதி கார்டனுக்கு எங்களையும் கூப்பிடு, குளித்துவிட்டுப் போகிறோம் என்றாள் ஒருத்தி. வடநாட்டுக்காரனுக்காக யாரும் வருத்தப்படவில்லை. அவனை அவர்களே உண்டாக்கினார்கள், அவர்களே மறந்தும் விட்டார்கள். இசக்கிச்செல்வியின் விரல்கள் ஓடின. அவருக்குப் பிடிக்கும் என்று நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பு நினைவுக்கு வந்தது. இந்நேரம் சட்டியை வழித்துத் தின்றுவிட்டுப் படுத்திருப்பார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தூக்குவாளியைத் திறக்கப் போகிற நேரத்தில் நவநீதகிருஷ்ணன் கூடத்து வாசலில் வந்து நின்று, இசக்கி, உனக்குப் போன் என்றார்.

வெயிலுகந்தம்மாள்தான். குரலில் கோபம் இருந்தது. குழாய்க்காரர் வந்தாராம். டீ குடித்தாராம். வாழைப்பழம் கொடுத்தாளாம். உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். சேற்றில் இறங்கித் தானே வீடு வரை போய்ப் பார்த்தாளாம். பூட்டு தொங்குகிறது. சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது.

“எங்கட்டி போனாவ உங்க வீட்டு அவிய? மணியாச்சியிலருந்து கோயில்பட்டிக்கு நடந்தே வாராவளா?”

இசக்கிச்செல்வி ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். மணியாச்சியில் வண்டி மாறுகிறபோது மூச்சுவிட நேரமிருக்காது. அதற்காகத்தானே தண்டவாளத்தில் குதிக்கிறார்கள். அவர் எப்படிப் போன் தேடிப்போய்ப் பேசியிருப்பார்? இது காலையில் ஏன் தோன்றவில்லை?

“யக்கா, போன் எப்ப வந்துச்சு?”

“அதான் காலையில.”

“காலையிலன்னா எப்ப? வெளிச்சம் வந்துட்டா?”

“எங்க வெளிச்சம்? நான் வாசத் தெளிக்க எந்திரிக்கவே இல்ல. மழை பெய்யுதேன்னு படுத்துக்கெடந்தேன். மணிச்சத்தம் கேட்டுத்தான் எந்திரிச்சேன். லைட்டப் போட்டுட்டு வந்து எடுத்தேன்.”

அந்நேரத்தில் தூத்துக்குடியிலிருந்து முதல் வண்டி புறப்பட்டே இருக்காது.

“யக்கா, அவிய சொன்னத அவிய சொன்ன மாதிரியே சொல்லுங்க. நீங்களாச் சேக்காதீங்க.”

“நான் என்னத்தச் சேத்தேன்?” என்றாள் வெயிலுகந்தம்மாள். பிறகு யோசித்து, மந்திரமூர்த்தியின் அவசரக் குரலைத் தன் தொண்டையில் கொண்டுவந்து சொன்னாள். “யக்கா நாந்தான். மணியாச்சி. கெளம்பிட்டேன். கொழாய்க்காரன இருக்கச் சொல்லுங்க. அம்புட்டுத்தான். வச்சிட்டாவ.”

மணியாச்சிக்கும் கிளம்பிட்டேனுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. அந்தப் பக்கத்து மக்கள் ஆச்சு என்று சொல்வதில்லை. ஆச்சி என்றுதான் சொல்வார்கள். நேரமாச்சி, பொழுதாச்சி, மணி ஆச்சி. துறைமுக வாசலில் ஒரு ரூபாய் போட்டுப் பேசியவர், மணி ஆகிவிட்டது, கிளம்பிவிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். அதை ஒருத்தி தூக்கக் கலக்கத்தில் ஊர்ப்பேராகக் கேட்டாள். இன்னொருத்தி அந்த ஊர்ப்பேரைக் கேட்கத் தவித்துக்கொண்டிருந்தாள், உடனே பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவர் மணியாச்சிக்கு வரவே இல்லை. இனிமேல்தான் வர வேண்டியிருந்தது.

எதிர்முனையில் வெயிலுகந்தம்மாளுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். “ஏட்டி,” என்றாள். பிறகு, “ஏட்டி, நான் ஊருன்னுல்லா நெனச்சேன்,” என்றாள். இசக்கிச்செல்வி ரிசீவரை வைத்துவிட்டாள்.

நவநீதகிருஷ்ணன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவாமலேயே எழுந்தார். இந்தத் தடவை அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முன்னுக்குப் பின் முரணாகத்தான் சொன்னாள். பூக்காரர், முதல் வண்டி, குழாய், மணி ஆச்சி. அவர் திரும்பக் கேட்கவில்லை. அந்த வட்டாரத்துக்காரர், அந்த ஒரு வார்த்தை அவருக்கும் போதும்.

“இரும்மா. வேற எங்கயாவது எறங்கியிருப்பாவ. வண்டியில கண்ணசந்து மதுரைக்கே போயிருந்தாலும் போயிருப்பாவ. ராத்திரி முச்சூடும் மூடை தூக்குன ஆளு,” என்றார். அதை அவரே நம்புகிற மாதிரி இல்லை.

விசாரணை எண்ணைச் சுழற்றி, மணியாச்சி ஸ்டேஷன் நம்பர் கேட்டார். எந்த மணியாச்சி என்று அங்கே கேட்டார்கள் போல. எரிச்சலோடு, வாஞ்சி மணியாச்சிம்மா, ரயில்வே ஜங்சன் என்றார். நம்பரைத் தீப்பெட்டி லேபிளின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். கூடத்தில் பேச்சு நின்றிருந்தது. காளீஸ்வரி வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வரத் தைரியமில்லாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதினி என்று கூப்பிடப் பார்த்தாள். இசக்கிச்செல்வி அவள் பக்கம் திரும்பவில்லை.

நம்பரைச் சுழற்றும்போது நவநீதகிருஷ்ணனின் சாதம் ஒட்டிய விரல் ஒரு தடவை வழுக்கியது. வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சுழற்றினார். காதில் வைத்துக் கேட்டார். “அடிக்குது,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பேரு கேப்பாங்க. என்ன பேருன்னு சொல்ல?” என்றார்.

அவளுக்கு அந்தப் பேரைச் சொல்லிப் பழக்கமில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பெண்ணைத்தான் சொல்லச் சொல்வாள். அவிய, எங்க வீட்டுல, செண்பகவல்லி அப்பா. ஆபீஸில் கேட்டால் மணியாச்சியில் வண்டி மாறி வருகிறவர் என்பாள். அதில் எதுவும் இப்போது உதவாது. தினமும் அங்கே எத்தனையோ பேர் வண்டி மாறுகிறார்கள்.

“மந்திரமூர்த்தி,” என்றாள். தன் வாயிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே யாரோ ஒரு அந்நிய ஆளின் பேரைப் போலக் கேட்டது. இன்னொரு தடவை சொன்னாள். “எப்போதும்வென்றான் மந்திரமூர்த்தி. நீல லுங்கி, காக்கிச் சட்டை. வலது கையில பெருவிரல் நகம் இருக்காது. அப்படிச் சொல்லுங்கண்ணாச்சி.”

“நீயே சொல்லும்மா,” என்று அவர் ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

அவள் ரெண்டு கையாலும் வாங்கிக் காதில் அழுத்திக்கொண்டாள். மணி போய்க்கொண்டிருந்தது. அந்த ஸ்டேஷனில் எந்த அறையில் அந்தப் போன் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஏதோ ஒரு வண்டி வந்து நின்று, எல்லாரும் பிளாட்பாரத்தில் இருப்பார்கள். கொடியோடு நிற்பார்கள். வண்டி போனதும் வந்து எடுப்பார்கள். மணி நின்றது. நவநீதகிருஷ்ணன் அவள் கையிலிருந்து வாங்காமலே, குனிந்து மறுபடி சுழற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு அங்கே மறுபடி மணி அடிக்கத் தொடங்கியது. அவள் பேரை உதட்டுக்குள் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.